நியூசிலாந்து பசுமைக் கட்சியும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் இடதுசாரிச் சுற்றுச்சூழல் கட்சியான பசுமைக் கட்சி, நாட்டின் பெரிய கட்சிகளான தொழிற்கட்சியும் நேஷனல் கட்சியும் கைகோத்து ஆதரித்த முக்கியமான வர்த்தக ஒப்பந்தங்களைத் தொடர்ந்து எதிர்த்து வந்திருக்கிறது. ஆட்சிக்குத் தோள் கொடுத்த காலத்திலும் அந்த எதிர்ப்பை அது கைவிடவில்லை. இந்த நிலைப்பாட்டை 'வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்கிறார்கள்' என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது தவறான சுருக்கம். நிலம், நீர், மருந்து, வீட்டுவசதி ஆகியவை பற்றிச் சட்டம் இயற்றும் உரிமை வாக்காளர்களிடமே இருக்க வேண்டும் என்பதுதான் அக்கட்சியின் வாதத்தின் மையம். அந்த மையத்தை ஏற்பவன் என்ற முறையிலேயே இந்தப் பதில்களை எழுதுகிறேன். வாதம் தடுமாறும் இடங்களையும் மறைக்கவில்லை.

இந்தக் கட்சியின் பின்னணி என்ன?

1972-இல் நியூசிலாந்தில் தோன்றிய வேல்யூஸ் கட்சி, நாடு தழுவிய அளவில் தேர்தலைச் சந்தித்த உலகின் முதல் சுற்றுச்சூழல் கட்சி என்று பலராலும் கருதப்படுகிறது. அதன் வழிவந்தவர்களும் புதிதாக உருவான பசுமைக் குழுக்களும் இணைந்து 1990-இல் இன்றைய பசுமைக் கட்சியை அமைத்தனர். சூழலியல் அறிவு, சமூகப் பொறுப்பு, உரிய மட்டத்தில் முடிவெடுத்தல், வன்முறையின்மை ஆகிய நான்கும் அதன் சாசனக் கொள்கைகள். வர்த்தக ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை இவற்றுள் மூன்றாவதுதான் அதிகம் பேசுகிறது. ஒரு முடிவால் யார் பாதிக்கப்படுகிறார்களோ அவர்களே, அதற்குப் பொருத்தமான மட்டத்தில், அந்த முடிவை எடுக்க வேண்டும் என்கிறது அது. பல நாடுகள் மூடிய அறைக்குள் பேசி முடித்து, பின்னாளில் வரும் நாடாளுமன்றங்களையும் கட்டுப்படுத்தும் ஓர் ஆவணம் இக்கொள்கையோடு மோதாமல் இருக்க முடியாது.

கட்சி வெளிநாட்டு வர்த்தகத்தையே எதிர்க்கிறதா?

இல்லை. 1995 முதல் 2005-இல் மறையும் வரை கட்சியின் இணைத் தலைவராக இருந்த ராட் டொனால்ட், அரசியலுக்கு வருமுன் டிரேட் எய்டு என்ற அமைப்பின் மேலாளராகப் பணியாற்றியவர். வளரும் நாடுகளின் கைவினைஞர்களிடமும் சிறு உற்பத்தியாளர்களிடமும் நியாய விலைக்குப் பொருள் வாங்கி நியூசிலாந்தில் விற்கும் அமைப்பு அது. வர்த்தகத்தைப் பற்றிக் கட்சியில் மிக உரக்கப் பேசியவரே இறக்குமதித் தொழிலில் இருந்து வந்தவர் என்பதை எதிர்த்தரப்பினர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

உலகின் ஓர் ஓரத்தில் இருக்கும், ஏறத்தாழ 50 லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நாடு, பாலும் இறைச்சியும் மரமும் பழமும் விற்றுத்தான் மருந்தும் இயந்திரமும் எரிபொருளும் வாங்க வேண்டும். இதைப் பசுமைக் கட்சி மறுத்ததில்லை. விற்பதும் வாங்குவதும் எந்த விதிகளின் கீழ் நடக்க வேண்டும், அந்த விதிகளை யார் எழுத வேண்டும் என்பதில்தான் அதற்கு வேறுபாடு.

அப்படியானால் ஒப்பந்தங்களில் எதை எதிர்க்கிறது?

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்றவுடன் இறக்குமதி வரிக் குறைப்பே நம் நினைவுக்கு வருகிறது. நியூசிலாந்து 1980-களிலேயே தன் வரிகளில் பெரும்பகுதியைத் தானாகவே குறைக்கத் தொடங்கிவிட்டது. விட்டுக்கொடுக்க அதனிடம் மிச்சம் இருந்த வரி சொற்பம். எனவே பேச்சுவார்த்தை மேசையில் அந்நாட்டிடம் கேட்கப்பட்டவை வேறு வகையானவை. 2016 பிப்ரவரி 4 அன்று ஆக்லாந்தில் 12 நாடுகள் கையெழுத்திட்ட டிரான்ஸ் பசிபிக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில், அதாவது டி.பி.பி.யில், 30 அத்தியாயங்கள் இருந்தன. முதலீடு, காப்புரிமை, அரசுக் கொள்முதல், அரசு நிறுவனங்கள், மின்வணிகம் என்று உள்நாட்டுச் சட்டத்தின் வேர்வரை செல்லும் அத்தியாயங்களே அவற்றுள் பெரும்பாலானவை.

இது நடைமுறையில் எப்படிப்பட்டது என்பதைக் காட்ட ஓர் உதாரணம் போதும். வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், வெளிநாட்டவர் ஏற்கனவே கட்டப்பட்ட வீடுகளை வாங்குவதைத் தடுக்கப் போவதாக 2017-இல் பதவியேற்ற தொழிற்கட்சி தலைமையிலான அரசு வாக்குறுதி அளித்திருந்தது. டி.பி.பி.யின் மறு வடிவமான சி.பி.டி.பி.பி. நடைமுறைக்கு வந்துவிட்டால் அப்படியொரு புதிய தடையைக் கொண்டுவர இயலாது என்பது அரசுக்கே தெரிந்திருந்தது. அதனால் 2018 ஆகஸ்டில் அவசரமாகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒப்பந்தம் அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அத்தனை அவசரத்திலும் சிங்கப்பூர்க் குடிமக்களை அந்தத் தடைக்குள் கொண்டுவர முடியவில்லை. 2001-இல் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர் ஒப்பந்தம் குறுக்கே நின்றது.

17 ஆண்டுகளுக்கு முன் வேறோர் அரசு செய்த ஒப்பந்தம், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு கொள்கையின் எல்லையை வரைந்துவிட்டது. அந்தக் கொள்கை சரியா தவறா என்பது தனி விவாதம். வீடு வாங்கும் சட்டத்துக்கும் வெண்ணெய் ஏற்றுமதிக்கும் ஒரே ஆவணத்தில் முடிச்சுப் போடுவது ஏன் என்பதே பசுமைக் கட்சியின் கேள்வி. இதற்கு நிறைவான பதிலை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

முதலீட்டாளர்–அரசு தகராறு தீர்வு முறை என்கிறார்களே, அது என்ன?

கட்சி மிகக் கடுமையாக எதிர்க்கும் பிரிவு இதுதான். ஓர் அரசு எடுத்த நடவடிக்கையால் தன் முதலீட்டுக்கு நட்டம் என்று கருதும் வெளிநாட்டு நிறுவனம், அந்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாமல், பெரும்பாலும் மூவர் கொண்ட பன்னாட்டு நடுவர் மன்றத்தில் நேரடியாக அந்த அரசின் மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாம். உள்நாட்டு நிறுவனத்துக்கு இந்த வழி கிடையாது, தொழிலாளருக்கும் கிடையாது, அந்த முதலீட்டால் ஆறு கெட்டுப்போன ஊருக்கும் கிடையாது. நடுவர்கள் வழக்குக்கு வழக்கு நியமிக்கப்படுபவர்கள். வழக்கமான பொருளில் மேல்முறையீடும் இல்லை.

இதன் விளைவை நியூசிலாந்து நேரடியாக அனுபவித்திருக்கிறது. சிகரெட் பெட்டிகளில் நிறுவனத்தின் சின்னமும் வண்ணமும் இருக்கக் கூடாது, எல்லாப் பெட்டிகளும் ஒரே மங்கலான நிறத்தில் நோய் எச்சரிக்கைப் படத்தோடு வர வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2011-இல் சட்டம் இயற்றியது. சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸின், ஹாங்காங்கில் இருந்த ஆசியக் கிளை, ஹாங்காங்குக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 1993-இல் ஏற்பட்ட முதலீட்டு ஒப்பந்தத்தைப் பயன்படுத்தி வழக்குப் போட்டது. அந்த ஒப்பந்தத்தின் நிழலுக்குள் நுழைவதற்காகவே, சட்டம் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, ஆஸ்திரேலியக் கிளையின் பங்குகள் ஹாங்காங் கிளைக்கு மாற்றப்பட்டிருந்தன. உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி நடுவர் மன்றம் 2015 டிசம்பரில் வழக்கைத் தள்ளிவிட்டது. வென்ற ஆஸ்திரேலியாவுக்கு வழக்குச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதில் பாதி அளவே திரும்பக் கிடைத்தது.

இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவர நியூசிலாந்து அரசும் அப்போது முடிவு செய்திருந்தது. ஆனால் ஆஸ்திரேலிய வழக்கு எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகே சட்டத்தை முடிப்போம் என்று 2013-இல் அறிவித்தது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்பு முடிந்த மசோதா 2016 செப்டம்பரில்தான் நிறைவேறியது. 2018 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியக் கடைகளில் 2012 டிசம்பரிலேயே பெட்டிகள் மாறிவிட்டன. நியூசிலாந்தின் மீது யாரும் வழக்குப் போடவில்லை. போடக்கூடும் என்ற அச்சமே ஐந்தாண்டுத் தாமதத்துக்கு முக்கியக் காரணமாயிற்று. எத்தனை வழக்குகளில் அரசுகள் வென்றன என்ற கணக்கைக் காட்டி இம்முறை ஆபத்தற்றது என்று வாதிடுபவர்கள் இந்தத் தாமதத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு எதிராகவும் இம்முறை பயன்பட்டிருக்கிறதா?

பயன்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றங்கரையில் மூர்பர்க் நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டிய சுவீடனின் வாட்டன்ஃபால் நிறுவனம், ஆற்று நீரைப் பயன்படுத்த நகர நிர்வாகம் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை என்று கூறி, எரிசக்தி சாசன ஒப்பந்தத்தின் கீழ் 2009-இல் 140 கோடி யூரோ கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது, நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. அந்த மின்நிலையத்துக்கு உரிய சுற்றுச்சூழல் மதிப்பீடின்றி அனுமதி அளித்ததன் மூலம் ஜெர்மனி ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்பு விதியை மீறிவிட்டது என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் கடுமை என்று வழக்கு, மறுபக்கம் கவனக்குறைவு என்று தீர்ப்பு. எரிசக்தி சாசனம் வர்த்தக ஒப்பந்தம் அன்று என்றாலும், அதில் உள்ள வழக்கு முறை அதே வகையைச் சேர்ந்ததுதான்.

கடலில் புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு இனி அனுமதி இல்லை என்று நியூசிலாந்து அரசு 2018 ஏப்ரலில் அறிவித்தது. பின்னர் வந்த கூட்டணி அரசு 2025-இல் அத்தடையை நீக்கியது. இத்தகைய முடிவை எதிர்காலத்தில் மீண்டும் எடுக்க விரும்பும் ஓர் அரசுக்கு, முதலீட்டு அத்தியாயங்கள் தலைக்கு மேல் தொங்கும் கத்தியாக இருக்கக் கூடாது என்பதே பசுமைக் கட்சியின் கவலை.

2018-இல் திருத்தப்பட்ட ஒப்பந்தத்தையும் ஏன் எதிர்த்தது?

2017 ஜனவரியில் டிரம்ப் ஆட்சியில் அமெரிக்கா விலகியதும், மற்ற 11 நாடுகள் டி.பி.பி.யைத் திருத்தி, சி.பி.டி.பி.பி. என்ற பெயரில் 2018 மார்ச் 8 அன்று சிலி நாட்டின் சாண்டியாகோவில் கையெழுத்திட்டன. அமெரிக்காவின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டிருந்த பலவற்றோடு மொத்தம் 22 பகுதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பதிப்புரிமையை ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளில் இருந்து 70 ஆண்டுகளாக நீட்டும் பகுதியும், உயிரிமருந்துத் தரவுகளுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் பகுதியும் அவற்றுள் அடங்கும். மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கிக் குறைந்த விலைக்குத் தரும் ஃபார்மக் என்ற அரசு அமைப்பை நம்பியிருக்கும் நாட்டுக்கு இது பெரிய நிம்மதி. ஆஸ்திரேலியா, புருனே, மலேசியா, பெரு, வியட்நாம் ஆகிய நாடுகளோடு தனிக் கடிதங்கள் பரிமாறிக்கொண்டு, அந்நாட்டு முதலீட்டாளர்கள் நடுவர் மன்றத்துக்குப் போகும் வழியையும் நியூசிலாந்து அரசு முழுமையாகவோ பகுதியாகவோ அடைத்தது.

இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் ஜப்பான், கனடா போன்ற பெரிய முதலீட்டு நாடுகளுக்கு அந்த வழி திறந்தே இருந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட பகுதிகள் அழிக்கப்படவில்லை. உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைந்தால் அவற்றுக்கு உயிர் கொடுக்கலாம். கட்சியின் வர்த்தகத் துறைப் பேச்சாளராக இருந்த கோல்ரிஸ் கரமான் இந்தக் காரணங்களை முன்வைத்தே எதிர்ப்பை வழிநடத்தினார். 2018 அக்டோபரில் நடைமுறைப்படுத்தும் மசோதா 111-க்கு 8 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. அந்த எட்டும் பசுமைக் கட்சியின் வாக்குகள்.

ஆதரவு தரும் அரசையே எதிர்த்து வாக்களிக்க முடிந்தது எப்படி?

அப்போது பசுமைக் கட்சி, தொழிற்கட்சி–நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கூட்டணி அரசுக்கு நம்பிக்கை வாக்கிலும் நிதிநிலை அறிக்கையிலும் மட்டும் ஆதரவு தருவதாக உடன்பாடு செய்திருந்தது. பிற மசோதாக்களில் தன் விருப்பப்படி வாக்களிக்க அதற்கு உரிமை இருந்தது. நேஷனல் கட்சியின் வாக்குகளால் மசோதா எப்படியும் நிறைவேறும் என்பதால் அரசுக்கு ஆபத்தும் இல்லை. ஆட்சிக்கு வருமுன் டி.பி.பி.யை எதிர்த்துப் பேசிய மற்ற இரு கட்சிகளும் திருத்தப்பட்ட வடிவத்தை ஏற்றுக்கொண்டபோது, இந்த ஒரு கட்சி தன் சொல்லில் நின்றது. இதை நான் பெருமதிப்போடு குறிப்பிடுகிறேன்.

சீனாவுடனான ஒப்பந்தத்தை எதிர்த்தது ஏன்?

2008 ஏப்ரல் 7 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம், வளர்ந்த நாடு ஒன்று சீனாவோடு செய்துகொண்ட முதல் முழுமையான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். சில வாரங்களுக்கு முன்புதான் திபெத்தில் போராட்டங்கள் ஒடுக்கப்பட்டிருந்தன. சுதந்திரமான தொழிற்சங்கம் அமைக்க உரிமை இல்லாத நாட்டின் உழைப்போடு, அந்த உரிமை உள்ள நாட்டின் உழைப்பைப் போட்டியிட வைப்பது இரு நாட்டுத் தொழிலாளருக்கும் கேடு என்று பசுமைக் கட்சி வாதிட்டது. நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியும், நாட்டின் பூர்வகுடிகளான மாவோரியரின் மாவோரி கட்சியும் எதிர்த்து வாக்களித்தன. ஏற்றுமதிக் கணக்கில் ஒப்பந்தம் பெருவெற்றி பெற்றது; சீனா நியூசிலாந்தின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளியாக ஆயிற்று. ஆனால் அந்த வெற்றியின் அளவே, மனித உரிமை பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் வெலிங்டன் அரசின் குரலைத் தாழ்த்துகிறது என்ற கவலை இன்று அக்கட்சிக்கு வெளியிலும் கேட்கிறது.

வர்த்தகத்துக்கும் ஆற்று நீருக்கும் என்ன தொடர்பு?

நியூசிலாந்தில் 1990-இல் சுமார் 34 லட்சம் கறவை மாடுகள் இருந்தன. 2014-இல் அவை சுமார் 67 லட்சமாயின. இந்தப் பெருக்கம் எந்த ஒப்பந்தமும் வருமுன்பே தொடங்கிவிட்டது என்றாலும், பால்மாவுக்குக் கிடைத்த புதிய சந்தைகள் அதை வேகப்படுத்தின. தென் தீவின் கேன்டர்பரி சமவெளி இயல்பில் வறண்டது. கோதுமையும் ஆடுகளும் கண்ட மண். அங்கே நிலத்தடி நீரையும் ஆற்று நீரையும் இறைத்து, நீண்ட இரும்புக் கைகள் வட்டமாகச் சுழன்று தெளிக்கும் பாசனத்தால் புல் வளர்த்து, மாடுகளை நிறுத்தினார்கள். மாட்டுச் சிறுநீரில் உள்ள நைட்ரஜன் சரளை மண்ணில் தங்குவதில்லை. நைட்ரேட்டாக மாறி, அது நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் குளித்து மகிழ்ந்த செல்வின் ஆற்றின் கோஸ் ஃபோர்ட் துறையில், நீரில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும் நிலை வந்தது.

பெருகிய மாடுகளுக்குப் புல் மட்டும் போதவில்லை. எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் பனைக்கொட்டைப் பிண்ணாக்கை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பல் கப்பலாக இறக்கினார்கள். இதை உலகில் மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடுகளுள் ஒன்றாக நியூசிலாந்து மாறியது. மழைக்காட்டை அழித்து நட்ட செம்பனையின் துணைப்பொருள், பச்சைப் புல்வெளியில் மேய்வதாக விளம்பரப்படுத்தப்படும் மாட்டின் தீவனமாகிறது. இதை நிறுத்தக் கோரிப் பசுமைக் கட்சி பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. நாட்டின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் ஏறத்தாழ பாதி வேளாண்மையில் இருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்றுமதி வருமானம் ஒப்பந்தத்தின் வரவுப் பக்கத்தில் எழுதப்படுகிறது. கெட்ட நீரைச் சுத்திகரிக்கும் செலவோ எந்தப் பக்கத்திலும் எழுதப்படாமல் உள்ளூர் மக்கள் மேல் விழுகிறது.

மாவோரி மக்களின் உரிமைகள் இதில் எங்கே வருகின்றன?

பிரித்தானிய அரசும் மாவோரித் தலைவர்களும் 1840 பிப்ரவரி 6 அன்று செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையே அந்நாட்டின் அடித்தள ஆவணம். 2001-இன் சிங்கப்பூர் ஒப்பந்தம் தொடங்கி நியூசிலாந்தின் வர்த்தக ஒப்பந்தங்களில், அவ்வுடன்படிக்கையை நிறைவேற்ற அரசு எடுக்கும் நடவடிக்கைகளுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு சேர்க்கப்பட்டு வருகிறது. அந்தப் பிரிவு போதுமானதா என்ற கேள்வியோடு மாவோரியர், உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்துக்குச் சென்றனர். 2016-இல் தீர்ப்பாயம் பிரிவைப் பொதுவாக ஏற்றுக்கொண்டாலும் சில கவலைகளைப் பதிவு செய்தது. 2021-இல், சி.பி.டி.பி.பி.யின் மின்வணிக விதிகள் மாவோரியரின் தரவு உரிமைகளைப் பாதுகாக்கத் தவறியதால் உடன்படிக்கைக் கோட்பாடுகள் மீறப்பட்டன என்று கண்டது. மாவோரியரைக் கலந்தாலோசிப்பது போதாது, பேச்சுவார்த்தையிலேயே அவர்கள் பங்காளிகளாக இருக்க வேண்டும் என்பது பசுமைக் கட்சியின் நிலை. டி.பி.பி. கையெழுத்தானது வைத்தாங்கி நாளுக்கு இரண்டே நாள் முன்பு என்பது, ஆக்லாந்து தெருக்களில் திரண்ட ஆயிரக்கணக்கானோரின் சினத்தை இன்னும் கூட்டியது.

பேச்சுவார்த்தை இரகசியமாக நடப்பது இயல்புதானே?

பேரம் பேசும்போது எல்லாவற்றையும் வெளியிட முடியாது என்பதை ஓரளவு ஏற்கலாம். ஆனால் டி.பி.பி.யின் முழு வாசகம் பேச்சு முடிந்த பிறகு, 2015 நவம்பரில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அப்போது ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஆக்லாந்து பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜேன் கெல்சி தகவல் கேட்டபோது, ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்காமலே வர்த்தக அமைச்சர் மறுத்தது சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2015 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

நியூசிலாந்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அமைச்சரவையின் அதிகாரம். நாடாளுமன்றக் குழு அதை ஆராயலாம். உள்நாட்டுச் சட்டத்தில் தேவைப்படும் மாற்றங்களுக்கு மட்டுமே நாடாளுமன்றம் வாக்களிக்கிறது. ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அதன் முன் வருவதேயில்லை. கையெழுத்துக்கு முன் வாசகம் வெளியிடப்பட வேண்டும், நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமாக வேண்டும் என்று கட்சி கோருகிறது. மிக எளிய கோரிக்கை இது; எதிர்க்கட்சியாக இருக்கும்போது பலருக்கும் பிடித்து, ஆட்சிக்கு வந்ததும் மறந்துபோகிற கோரிக்கையும் இதுவே.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் உழவர்கள் நட்டப்படுவார்களே?

கட்சியின் வாதத்துக்கு மிகக் கடினமான கேள்வி இது. ஜப்பான் வெளிநாட்டு மாட்டிறைச்சிக்கு 38.5 விழுக்காடு வரி விதித்தது. 2015-இல் நடைமுறைக்கு வந்த தனி ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய உழவர் குறைந்த வரியில் விற்கத் தொடங்க, நியூசிலாந்து உழவர் பழைய வரியிலேயே நின்று சந்தையை இழந்தார். சி.பி.டி.பி.பி. அந்த வரியைப் படிப்படியாக 9 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறது. போட்டியாளருக்குத் திறந்த கதவு தனக்கு மூடியிருக்கும்போது, இறையாண்மை பற்றிய விளக்கம் ஓர் உழவரின் கடன் தவணையைக் கட்டாது.

வரிக் குறைப்பையும் முதலீட்டு அத்தியாயத்தையும் பிரிக்க முடியும் என்பதே கட்சியின் பதில். முடியும் என்பதற்குச் சான்றும் பின்னர் கிடைத்தது: பிரிட்டனுடன் 2022-இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலும், 2024 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்திலும் முதலீட்டாளர் வழக்கு முறை இல்லை. ஆனால் 2018-இல் ஜப்பானிடம் அப்படி ஒரு பேரம் படிந்திருக்குமா என்று கேட்டால், உறுதியான பதில் கட்சியிடம் இருக்கவில்லை. மறுபக்கத்தில், ஒப்பந்தத்தின் பயனும் மலையளவு அன்று. அரசின் சொந்த மதிப்பீடே, உள்நாட்டு உற்பத்தி 0.3 முதல் 1 விழுக்காடு வரை உயரும், அதுவும் முழு நடைமுறைக்குப் பின், என்றுதான் சொன்னது.

எத்தகைய ஒப்பந்தம் இந்தக் கொள்கைக்குப் பொருந்தும்?

காலநிலை மாற்றம், வர்த்தகம், நிலைத்தன்மை பற்றிய ஒப்பந்தம் ஒன்றுக்கான முயற்சியை 2019-இல் நியூசிலாந்து, கோஸ்டா ரிக்கா, ஃபிஜி, ஐஸ்லாந்து, நார்வே ஆகியவை தொடங்கின, சுவிட்சர்லாந்தும் சேர்ந்தது. பசுமைக் கட்சியின் ஜேம்ஸ் ஷா அப்போது காலநிலை அமைச்சர். 2024 நவம்பரில் கோஸ்டா ரிக்கா, ஐஸ்லாந்து, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கும் கையெழுத்திட்டன. சூரியத் தகடு போன்ற முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுச்சூழல் பொருள்களின் மீது வரி நீக்கம், நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் தரப்படும் மானியங்களுக்குக் கட்டுப்பாடு, சுற்றுச்சூழல் முத்திரைகளுக்கு நெறிமுறை ஆகியவை இதன் உள்ளடக்கம். நாடுகள் சிறியவை, வர்த்தக அளவும் சிறிது. ஆயினும் கேட்டை விளைவிக்கும் மானியத்தின் மேல் கைவைக்கும் விதியை ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் எழுத முடியும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் பாரிஸ் காலநிலை உடன்பாட்டின் கடமையை மீறினால் கடைசி வழியாக வர்த்தகத் தடை வரலாம் என்ற பிரிவும் இதே திசையில் ஓர் அடி.

இது டிரம்ப் போன்றோரின் எதிர்ப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

டி.பி.பி. வேண்டாம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டது உண்மை. ஆனால் டிரம்பின் குறை, ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்குப் போதிய ஆதாயம் இல்லை என்பது. பசுமைக் கட்சி, தன் நாட்டுக்கு ஆதாயம் இருந்தாலும் அது வியட்நாம் தொழிலாளியின் கூலியிலோ சுமத்ராவின் காட்டிலோ இருந்து பிடுங்கப்பட்டதா என்று கேட்கிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒரகடம் கார்த் தொழிற்சாலைக்காக 2008-இல் தமிழ்நாட்டு அரசு உறுதியளித்த வரிச் சலுகைத் தொகைகள் நிலுவையில் இருப்பதாகக் கூறி, நிசான் நிறுவனம் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு இந்திய அரசின் மீது 2017-இல் பன்னாட்டு நடுவர் வழக்கைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டது, 2011-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம். 2020-இல் வழக்கு சமரசமாக முடிந்தது. அது சுற்றுச்சூழல் சட்டம் பற்றிய வழக்கு அன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்ற புகார்தான். ஆனாலும் சென்னையில் மாநில அரசு ஒரு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகாமலே பன்னாட்டு நடுவர் முன் போய் நிற்க முடிந்தது.

இந்தியா இதற்கு முன்பே சூடுபட்டிருந்தது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் வைட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திடம், உள்நாட்டு நீதிமன்றத் தாமதத்தைக் காரணமாகக் கொண்ட வழக்கில் தோற்றது. அதன் பின் தன் முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முறித்துக்கொள்ள அறிவிப்புக் கொடுத்ததோடு, வெளிநாட்டு நிறுவனம் முதலில் ஐந்தாண்டுகள் உள்நாட்டு நீதிமன்றங்களை நாட வேண்டும் என்ற மாதிரி வரைவை 2016-இல் வெளியிட்டது. 2024-இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் அது மூன்றாண்டாகக் குறைந்துவிட்டது.

நியூசிலாந்தோடு இந்தியா 2010-இல் தொடங்கிய பேச்சு ஐந்தாண்டில் முடங்கி, 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. அந்த நெடிய முடக்கத்துக்கு முக்கியக் காரணம் பால். இரண்டு மூன்று மாடு வைத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பங்களை, கேன்டர்பரியின் பெரும்பண்ணைகளோடு மோதவிட இந்தியா தயங்கியது. ஈரோட்டிலும் சேலத்திலும் விடியற்காலையில் கேனோடு வரிசையில் நிற்பவர்களின் பிழைப்பையும் செல்வின் ஆற்றின் நீரையும் ஒரே விதி காக்கவோ கெடுக்கவோ முடியும். அந்த விதியின் வாசகத்தை, கையெழுத்தாகும் முன்பே இரு நாட்டு மக்களும் படிக்க வேண்டும் என்று கேட்பதற்குப் பசுமைக் கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.